கேளுங்கள், சொல்கிறேன்: துளைக்குள் ஒரு மூலக்கூறு

(பதில் சொல்பவர், காட்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்)

கேள்வி: மகள் பிஎச்.டி. நான்காம் வருஷம். "ஒரே ஒரு மூலக்கூறைப் பிடிக்கிற பரப்பு செய்கிறேன்" என்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது காட்டினாள். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கிறது. இதற்கா இத்தனை வருஷம்? சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்ல?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: அந்தத் துண்டைத் துணியால் துடைத்துவிடாதீர்கள் அம்மா. பளபளப்பைப் பார்த்தால் அது அலுமினியப் படலம் என்று நினைக்கிறேன். தடிமன் ஏறக்குறைய 100 நானோமீட்டர் இருக்கும் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்). அதில் 100 நானோமீட்டர் அகலம்கூட வராத துளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

துளை எதற்கு? ஒளியை எவ்வளவு குவித்தாலும் அதன் அலைநீளத்தில் சுமார் பாதிக்குக் கீழே பொட்டு சுருங்காது என்று ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே கண்டுவிட்டார். அதாவது 200 நானோமீட்டருக்கு மேல். புரதமோ சில நானோமீட்டர்தான். பொட்டுக்குள் நூற்றுக்கணக்கில் கூடி நின்று எல்லாமே மினுங்கினால் எது எதுவென்று எப்படிச் சொல்வது? காட்பாடி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ஒருவர் பேச்சு தனியாகக் கேட்காது, டிக்கெட் கவுண்டர் ஜன்னலில் கேட்கும். அங்கே ஒருவர் முகத்துக்குத்தான் இடம். ஒளி இந்தத் துளையைக் கடக்க முடியாமல், அடியில் சில பத்து நானோமீட்டர் ஏறியதும் அணைந்துவிடும். அந்த வெளிச்சத்தில் நிற்கிற மூலக்கூறு மட்டும் மின்னும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2003-ல் இதைச் செய்து காட்டினார்கள். இன்று டிஎன்ஏ-வை எழுத்தெழுத்தாகப் படிக்கும் பசிபிக் பயோசயன்சஸ் இயந்திரங்களில் இதே துளைகள்தான்.

துளை போட எலெக்ட்ரான் கற்றை வேண்டும். அந்த இயந்திரம் நாட்டில் சில இடங்களில்தான் உண்டு. ஆனால் வருஷங்களை விழுங்குவது அதுவல்ல, பரப்பின் வேதியியல்தான் என்பேன். பிடிக்க வேண்டியது ஒன்று, ரத்தத்திலிருந்து வந்து ஒட்டிக்கொள்வது ஆயிரம். அலுமினியத்தில் எதுவும் ஒட்டக்கூடாது, துளைக்கு அடியில் உள்ள கண்ணாடியில் மட்டும் குறிப்பிட்ட ஒன்று ஒட்ட வேண்டும். திங்கட்கிழமை பிடித்த பூச்சு வியாழக்கிழமை பிடிக்காது. ஆய்வேட்டில் இதெல்லாம் இரண்டு பக்கம்கூட வராது, பாவம்.

சொந்தக்காரர்களிடம், ஆராய்ச்சி மாணவர்களுக்கு அரசாங்கம் தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகையே மொத்தம் ஐந்து வருஷத்துக்குத்தான் என்று சொல்லுங்கள். அப்புறம் கல்யாணம் எப்போது என்று கேட்டால், அது என் பாடம் இல்லை.

கேள்வி: இந்த மாதிரி ஆராய்ச்சியில் தங்கமும் உண்டாம், ஆனால் சிவப்பாம். ஸ்ரீபுரம் பொற்கோவில் மஞ்சளாகத்தானே ஜொலிக்கிறது?
- கல்லூரி மாணவர், ராணிப்பேட்டை

பதில்: தகடு மஞ்சள்தான். 20 நானோமீட்டர் துகளாக்கித் தண்ணீரில் விட்டால் சிவப்பு. துகளில் உள்ள எலெக்ட்ரான்கள் 520 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு ஒத்து ஊசலாடி அதை உறிஞ்சிக்கொள்ள, மிச்ச ஒளி சிவப்பாகத் தெரியும். ஃபாரடே 1857-லேயே இதை ஆராய்ந்தார். மருந்துக்கடைக் கர்ப்பப் பரிசோதனைப் பட்டையின் சிவப்புக் கோடு பெரும்பாலும் இந்தத் தங்கம்தான். இப்படி இரண்டு துகள்களை ஒட்டி வைத்தால் நடுவில் உள்ள இடுக்கில் ஒளி பலமடங்கு வலுக்கும். 1997-ல் வெள்ளித் துகள்களை வைத்து ஒரே மூலக்கூறின் ராமன் சிதறலை (மூலக்கூறில் பட்ட ஒளி சற்று நிறம் மாறிச் சிதறுவதை) படித்தது இந்த வலுவால்தான். ராமன், நம் திருச்சியில் பிறந்தவர்.

கேள்வி: ஒரு மூலக்கூறையே பிடிக்கலாம் என்றால், விரல் நுனி ரத்தம் ஒரு சொட்டில் எல்லா நோயையும் பார்த்துவிடலாமே?
- வாசகர், பேர்ணாம்பட்டு

பதில்: அது துளையைத் தேடி வந்தால்தானே பிடிக்க! ஒரு ஃபெம்டோமோலார் என்கிற மிகமிக நீர்த்த அடர்த்தியில், ஒரு மைக்ரோலிட்டரில் இருப்பது சுமார் 600 மூலக்கூறுதான். அவை தானாக மிதந்து துளைக்கு வந்துசேர மணிக்கணக்காகும், சில சமயம் நாள்கணக்காகும். ஆராய்ச்சிக் கட்டுரைகள் இதை அடக்கி வாசிக்கும். அதனால் சிலர் வலையைத் திரவத்துக்குள்ளேயே அனுப்புகிறார்கள். லட்சக்கணக்கான காந்த மணிகளை ரத்தத்தில் கலந்து, அவை பிடித்து வந்ததை, நுண்ணிய குழிகளில் குழிக்கு ஒரு மணியாக உட்காரவைத்து எண்ணும் முறை 2010-ல் வெளியானது. ஆஸ்பத்திரிக்கு அந்த வழிதான் முதலில் வந்து சேரும் என்பது என் கணிப்பு. இப்போதைக்கு லேப்பில் எத்தனை குழாய் கேட்கிறார்களோ அத்தனையும் கொடுத்துவிடுங்கள்.