பெர் டியம் வேலைக்குப் புது நர்ஸ் எப்போது போகலாம்? கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் பெர் டியம் என்றால், நிரந்தர ஷிஃப்ட் எதுவும் இல்லாமல் ஆள் குறைகிற நாளில் மட்டும் போய்ச் செய்கிற வேலை. மெட்-சர்ஜ் வார்டில், அதாவது பொது மருத்துவ, அறுவை சிகிச்சை நோயாளிகள் இருக்கிற வார்டில் பல வருஷம், அப்புறம் பெர் டியமிலும் இருந்தவள் என்பதால் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: போன மாதம்தான் நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் பரீட்சை பாஸ் பண்ணினேன். பெர் டியமில் மணிக்குக் கூடுதலாகத் தருகிறார்களே, நேராக அதிலேயே சேரலாமா?

வேண்டாம். அந்தக் கூடுதல் காசு சும்மா வரவில்லை, பெரும்பாலும் மருத்துவக் காப்பீடும் சம்பளத்தோடு விடுப்பும் கிடையாது என்பதற்கு ஈடு அது. அதைவிடப் பெரிய விஷயம் ஓரியண்டேஷன், அதாவது ஆரம்பப் பயிற்சி. நிரந்தர வேலையில் சேரும் புது நர்ஸுக்கு வாரக்கணக்கில் ஒரு பிரிசெப்டர், சொல்லித்தருகிற சீனியர் நர்ஸ், கூடவே இருப்பார். பெர் டியமில் ஓரிரண்டு ஷிஃப்ட் சுற்றிக் காட்டிவிட்டு நோயாளிகளை ஒப்படைத்துவிடுவார்கள், வேலை தெரிந்தவர் என்று நம்பித்தானே கூப்பிடுகிறார்கள்.

கேள்வி: மெட்-சர்ஜில் 8 மாதம் ஆச்சு. சிலர் ஒரு வருஷம் என்கிறார்கள், சிலர் இரண்டு. எது சரி?

பெர் டியமுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிகள் பொதுவாக ஒரு வருஷமாவது கேட்கும். நர்ஸ்களின் வளர்ச்சியை 5 படிகளாகப் பிரித்த பாட்ரிசியா பென்னர், மூன்றாவது படிக்கு வரவே ஒரே மாதிரி வேலையில் இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்று 1984-லேயே எழுதினார். நான் மாதத்தை எண்ணமாட்டேன். ராத்திரி 2 மணி, சாயங்காலம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது பாதி வார்த்தையில் மூச்சு வாங்குகிறார், நிமிடத்துக்கு 28 மூச்சு, ஆக்சிஜன் அளவு மட்டும் விழாமல் 93 சதவீதத்திலேயே நிற்கிறது. அந்த 93-ஐப் பார்த்துவிட்டு அடுத்த ரூமுக்குப் போவீர்களா, இல்லை உடனே ரேபிட் ரெஸ்பான்ஸை, அதாவது ஆஸ்பத்திரியின் அவசரக் குழுவைக் கூப்பிட்டு, வருகிறவர்களிடம் நிலைமையை நாலு வரியில் சொல்வீர்களா? யாரும் சொல்லாமலே இரண்டாவதைச் சில தடவை செய்திருந்தால் யோசிக்கலாம். இன்னும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் 'அக்கா, கொஞ்சம் வந்து பாருங்களேன்' என்று கேட்கிறீர்கள் என்றால் இருந்த இடத்திலேயே இருங்கள். கேட்பது தப்பே இல்லை, ஆனால் புது இடத்தில் அந்த அக்காவுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது.

கேள்வி: இருக்கிற ஆஸ்பத்திரியிலேயே பெர் டியமுக்கு மாறினால்?

அதுதான் நல்ல வழி. வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் என் முதல் ஷிஃப்டில், மருந்து மெஷினில் என் கோடு வேலை செய்யவில்லை. ஆபரேஷன் முடிந்து வலியில் துடித்தவர் 40 நிமிடம் காத்திருந்தார், ஏனென்றால் அதைச் சரிசெய்ய யாரைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, அந்த ஷிஃப்டுக்குப் பொறுப்பான சார்ஜ் நர்ஸோ இன்னொரு ரூமில் மாட்டிக்கொண்டிருந்தார். பத்து வருஷ அனுபவம் இருந்தும் அன்றைக்கு எனக்குக் கை கட்டிப்போட்ட மாதிரிதான்.

கேள்வி: பழக்கமில்லாத வார்டுக்கு ஃப்ளோட் பண்ணினால், அதாவது அந்த ஷிஃப்டுக்கு மாற்றி அனுப்பினால், மறுக்கலாமா?

மறுப்பதானால் ரிப்போர்ட் வாங்குவதற்கு, அதாவது முந்தைய நர்ஸிடமிருந்து நோயாளிகளின் விவரம் கேட்டுப் பொறுப்பேற்பதற்கு முன்னால். வாங்கிவிட்டு, இன்னொரு நர்ஸிடம் ஒப்படைக்காமல் கிளம்பினால் நோயாளியைக் கைவிட்டதாக உங்கள் லைசென்ஸ் மேலேயே புகார் போகலாம். எத்தனை நோயாளிகள் என்றும் முன்கூட்டியே கேளுங்கள். கலிஃபோர்னியாவில் மெட்-சர்ஜில் ஒரு நர்ஸுக்கு 5 நோயாளிக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது, பெரும்பாலான மாநிலங்களில் அப்படி எதுவும் கிடையாது.

கேள்வி: மாதம் எத்தனை ஷிஃப்ட் நிச்சயமாகக் கிடைக்கும்?

நிச்சயம் என்று எதுவும் இல்லை. நோயாளிகள் குறைந்தால் முதலில் உங்களைத்தான் வரவேண்டாம் என்பார்கள், சில நாள் யூனிஃபார்ம் போட்ட பிறகு போன் வரும். வாடகையும் படிப்புக் கடனும் இதை மட்டும் நம்பி இருக்கிறது என்றால் இறங்காதீர்கள்.

கேள்வி: பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) போதுமா, ஏசிஎல்எஸ்ஸும் (இதய அவசரங்களுக்கான மேல்நிலைப் பயிற்சி) வேண்டுமா?

வார்டைப் பொறுத்தது, ஐசியூ என்றால் ஏசிஎல்எஸ் கட்டாயம் கேட்பார்கள். இரண்டு கார்டும் 2 வருஷத்தில் காலாவதியாகும். தேதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், பெர் டியம் ஆளுக்கு யாரும் போன் பண்ணி ஞாபகப்படுத்த மாட்டார்கள்.