குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவை எப்படி நிர்வகிப்பது?

காட்பாடியில் உங்கள் நகர்க் குழுவில் வதந்திகள் பெருகியதால் அதைக் கலைத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தேவையில்லை. முதலில் அழைப்பு இணைப்பை மாற்றியமையுங்கள், பழையது செயலிழந்துவிடும். பிறகு, நிர்வாகியின் ஒப்புதலுக்குப் பின்பே புதியவர் சேரும்படி அமைத்து, எந்தத் தெரு, எந்த வீடு என்று உறுதிசெய்துகொண்டு அனுமதியுங்கள்.

நிர்வாகிகள் மட்டுமே பதிவிடும் ஏற்பாட்டைப் பாலாற்றில் வெள்ளம் வருவது போன்ற அவசர வேளைகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்நாளும் பூட்டியே வைத்தால், காவிரிக் குடிநீர் வரவில்லை என்று தெரிவிக்க வரும் முதியவரின் குரலும் சேர்ந்தே அடங்கிவிடும், அது பெரும் அநியாயம்.

தவறான பதிவை நிர்வாகி எல்லோருக்குமாக நீக்கலாம். காரணத்தைப் பதிவிட்டவரிடம் தனியே சொல்லிவிடுங்கள். வழக்கு வருமோ என்ற அச்சமும் வேண்டாம்: நிர்வாகியாக இருந்ததைத் தவிர வேறு பங்கில்லாதவரின் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியிருக்கிறது.