எந்த ஆப், எந்த வரைபடம்? வானம் பார்ப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

நட்சத்திரம் பார்க்க மென்பொருளும் வரைபடமும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சேலத்திலிருந்து: இப்போதுதான் ஆரம்பிக்கிறேன் சார். ஆப் ஏகப்பட்டது இருக்கிறது, ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

ஸ்டெல்லேரியம். கணினியில் முழுக்க இலவசம். ஆனால் போட்டதும் அப்படியே நம்பி மாடிக்குப் போகாதீர்கள், இரண்டு வேலை இருக்கிறது. முதலில் எஃப் 6 விசையை அழுத்தி ஊரைச் சரிபாருங்கள், ஏனென்றால் அது இணைய இணைப்பை வைத்து இடத்தை ஊகிக்கும், நீங்கள் சேலத்தில் இருக்க அது வேறு ஏதாவது ஊரைக் காட்டிக்கொண்டிருக்கலாம். அடுத்தது எஃப் 4. அங்கே ஒளி மாசு அளவு இருக்கும். அதை உங்கள் மொட்டை மாடிக்குத் தகுந்த மாதிரி கூட்டிக்கொண்டே போனால் திரையில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மறையும், உங்கள் கண்ணுக்குத் தெரிகிற அளவு வந்ததும் நிறுத்துங்கள். பலர் இதைச் செய்யாமல், திரையில் பால்வீதி ஜொலிக்கிறது, மேலே பார்த்தால் பத்து நட்சத்திரம்தான் இருக்கிறது என்று மனம் விட்டுப்போகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

திருச்சியிலிருந்து: போனைத் தூக்கிப் பிடித்தால் வியாழன் ஒரு பக்கம், ஆப் காட்டும் இடம் இன்னொரு பக்கம். ஆப் தப்பா அண்ணா?

ஆப் கணக்குப் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் தம்பி, தடுமாறுவது போனில் உள்ள திசைகாட்டி. காந்தம் வைத்த போன் கவர், பக்கத்தில் நிற்கும் பைக், மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி எல்லாமே அதை இழுக்கும். கவரைக் கழற்றி, போனைக் காற்றில் 8 வரைவது போல நாலைந்து தடவை சுழற்றுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் சென்சாரை நிறுத்திவிட்டு, தெரிந்த நட்சத்திரம் ஒன்றைத் திரையில் கொண்டுவந்து அங்கிருந்து தேடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: வெளிநாட்டிலிருந்து மாமா ஒரு வட்டச் சுழல் வரைபடம் (தேதியையும் நேரத்தையும் சுழற்றிப் பொருத்தினால் அப்போதைய வானத்தைக் காட்டும் வட்டு) வாங்கி வந்தார், 40 டிகிரி என்று போட்டிருக்கிறது. இங்கே பயன்படுமா?

பாதிதான். அது 40 டிகிரி வட அட்சரேகைக்காகச் செய்தது, உங்கள் ஊர் 8 டிகிரி. துருவ நட்சத்திரத்தை அது வானில் நடுவாந்திரமான உயரத்தில் காட்டும், உங்களுக்கோ அது தொடுவானத்தை ஒட்டிக் கிடக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம் தெற்கில். வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான அகத்தியர் நட்சத்திரம் அந்த அட்சரேகையில் உதிப்பதே இல்லை, அதனால் அந்த வட்டில் அதற்கு இடமே இருக்காது. வாங்கும்போது 10 டிகிரிக்குப் பக்கத்தில் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

கோவையிலிருந்து: பழைய புத்தகக் கடையில் 1950ஆம் ஆண்டு நிலைக்கான நட்சத்திர அட்லஸ் கிடைத்தது. வாங்கலாமா?

கண்ணாலும் பைனாகுலராலும் பார்ப்பவராக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் கட்டங்கள் 72 வருடத்துக்குச் சுமார் 1 டிகிரி நகரும், நட்சத்திரக் கூட்டங்களின் உருவம் அப்படியேதான் இருக்கும். அந்தக் கட்டங்களின் எண்களைத் தட்டி டெலஸ்கோப்பைத் திருப்புகிறவர்களுக்கு மட்டும் ஆகாது.

வேலூரிலிருந்து: லேப்டாப் ரொம்பப் பழசு, ஸ்டெல்லேரியம் திணறுகிறது.

கார்த் து சியேல் போட்டுப் பாருங்கள். இதுவும் இலவசம், அழகுக் காட்சி குறைவு, ஆனால் லேசானது. அச்செடுக்க எனக்கு இதுதான் பிடிக்கும்.

தஞ்சாவூரிலிருந்து: வால் நட்சத்திரம் ஆப்பில் காட்டிய இடத்தில் இல்லவே இல்லை.

சுற்றுப்பாதைத் தரவைப் புதுப்பித்தீர்களா? நட்சத்திரத்துக்குப் பழைய பட்டியல் போதும், வால் நட்சத்திரத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் போதாது. செயற்கைக்கோளுக்குச் சில நாள் பழசானாலே நேரம் தள்ளிப்போகும்.

மதுரையிலிருந்து: இவ்வளவு ஆப் இருக்கும்போது காகித வரைபடம் எதற்கு?

கண்ணுக்காக. இருட்டுக்கு நம் கண் முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும், போன் வெளிச்சம் ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும். நான் வீட்டில் ஸ்டெல்லேரியத்தில் திட்டம் போடுகிறேன், வெளியே காகிதம்தான். அதைப் படிக்க, கண் கெடாதபடி டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடிப் பேப்பரை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டால் போதும். பைனாகுலர்காரர்களுக்கு பாக்கெட் ஸ்கை அட்லஸ் நல்ல அளவு: 80 வரைபடம், 7.6 மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடக்கூட மங்கல்) வரை 30,000க்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள். கையில் தாராளமாகப் பிடிக்கலாம்.

டெலஸ்கோப் இருந்தால் இன்னொரு வேலையும் செய்யுங்கள். 650 மி.மீ. குவியத் தூரம், 25 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) என்றால் 26 மடங்கு. ஐபீஸின் பார்வைக் கோணம் 50 டிகிரி என்றால் வானத்தில் உங்களுக்குத் தெரிவது 2 டிகிரிக்குச் சற்றே குறைவு. மெல்லிய கம்பியை அந்த அளவுக்கு, வரைபடத்தின் அளவுகோல்படி வளையமாக வளைத்துக் காகிதத்தின் மேல் வைத்து நகர்த்துங்கள், தெரிந்த நட்சத்திரத்திலிருந்து எத்தனை தாவலில் இலக்கை அடையலாம் என்று தெரிந்துவிடும். நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த டெலஸ்கோப்) வகை என்றால் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள், பொருந்தும்.

இதை ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தில் முயன்று பாருங்கள். மே நடுவில் இரவு 10 மணி வாக்கில் சித்திரை நட்சத்திரம் (ஸ்பைகா) உச்சிக்கு வரும்போது, அதிலிருந்து நேர் தெற்காக 36 டிகிரி, அதாவது நீட்டிய கையில் மூன்றரை முஷ்டி கீழே இறங்குங்கள். மதுரையில் அது தொடுவானத்துக்கு மேல் 30 டிகிரிக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும். பைனாகுலரில் பஞ்சுப்பொதி மாதிரி ஒரு வட்டம் தெரியும். அது சுமார் 1 கோடி நட்சத்திரங்கள் திரண்ட கொத்து.