போக்கர் ஆடும்போது எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது?

ராயபுரத்து மொட்டைமாடியில் நண்பர்களோடு ஆடுகிறோம், ஃபோல்டு செய்தவன், அதாவது சீட்டை வீசிவிட்டு அந்தக் கையிலிருந்து விலகியவன், வாய் மூடுவதே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வடசென்னையில் கேரம் போர்டைச் சுற்றி நின்று, "அந்தக் காயை அடி மச்சான்" என்று ஐடியா கொடுத்தே வளர்ந்தவர்கள் நாம். போக்கரில் அது ஆகாது. ஒரு கைக்கு ஒருவர்தான் ஆட்டக்காரர்.

நடுவில், எல்லோருக்கும் பொதுவான சீட்டுகளாக 7, 7, கிங் விழுகிறது. ஏற்கெனவே ஒரு 7-ஐ வீசிவிட்டவன் "அய்யய்யோ!" என்று தலையில் அடித்துக்கொள்கிறான். வெளியே இருக்கக்கூடிய ஏழு இரண்டுதான். அதில் ஒன்று செத்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். கையில் கிங் வைத்து, யாரிடமாவது ஏழு இருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தவனுக்குத் தைரியம் வந்துவிடும். உச்சுக் கொட்டுவதும் பேச்சுதான்!

இன்னும் மூன்று பேர் ஆட்டத்தில் இருக்கும்போது, "நீ விடு, அவனை நான் பார்த்துக்கறேன்" என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னால் அது கூட்டுக் களவாணித்தனம். முறை வருவதற்கு முன்பே "நான் ஃபோல்டு" என்பதும் தப்பு; அடுத்தவர் முடிவு அதனால் மாறும்.

இருவர் மட்டும் மிஞ்சியிருந்தால்? பல போட்டிகளில் தன் சீட்டைப் பற்றிப் பேசக் கட்டுப்பாடு உண்டு. வீட்டு ஆட்டத்தில் கொஞ்சம் வம்பிழுக்கட்டும், பொய்யும் சொல்லட்டும், அதில்தானே சுவாரசியம். ஆனால் "ரெய்ஸ்" (பந்தயத்தை ஏற்றுகிறேன்) என்று தன் முறையில் சொல்லிவிட்டால் பின்வாங்கக் கூடாது.

கடைசியில் சீட்டுகளைத் திறந்து வைத்த பிறகு யாரும் வாய் திறக்கலாம். புதுப்பையன் தன் ஃப்ளஷ்ஷை (ஒரே இனத்துச் சீட்டு ஐந்து) கவனிக்கவில்லை என்றால் சொல்லுங்கள். அவன் ஆடிய விதத்தைக் கிண்டலடிப்பது மட்டும் வேண்டாம், அடுத்த வாரம் வர மாட்டான்.