முதல் செமஸ்டர் முழுக்க அட்டை வெட்டுகிறாள், இது படிப்பா?

அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தேன். டிசைன் படிப்பில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, மகள் இன்னும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அட்டை வெட்டுகிறாள், கம்பி வளைக்கிறாள், பாதி நாள் குழு வேலை என்று போகிறது. போன வாரம் எல்லார் முன்னாலும் அவள் மாடலில் குறை சொல்லிவிட்டார்கள் என்று போனில் அழுதிருக்கிறாள். இதற்கா இவ்வளவு செலவு என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சாஃப்ட்வேரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அதைப் பின்னால் கற்றுக்கொள்ளலாம், அதுவும் சில வருடத்தில் மாறிவிடும். அந்த வகுப்பறையில் இப்போது நடப்பதுதான் பின்னால் கிடைக்காது.

இந்தப் பாடமுறைக்கு நூறு வருடத்துக்கு மேல் வயது. 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோபியஸ் பௌஹவுஸ் என்ற டிசைன் பள்ளியைத் தொடங்கினார். மரவேலை, நெசவு, உலோகம் என்று எந்தப் பட்டறைக்குப் போவதானாலும் அதற்கு முன் எல்லாரும் சேர்ந்து ஒரு முன்பயிற்சியை முடிக்க வேண்டும் என்ற வழக்கம் அங்கே வந்தது. அதை உருவாக்கியவர் அங்கே ஆசிரியராக இருந்த யோஹானஸ் இட்டன். 1923இல் அவர் விலகிய பிறகு மோஹோலி-நாகி, யோசஃப் ஆல்பர்ஸ் என்ற இரண்டு ஆசிரியர்கள் அதை நடத்தினார்கள். ஆல்பர்ஸ் மாணவர்கள் கையில் வெறும் காகிதத்தைக் கொடுப்பார். முடிந்தவரை கருவி இல்லாமல், துண்டுகூட வீணாகாமல் அதை ஏதாவது ஒன்றாக்க வேண்டும். அப்புறம் எல்லார் செய்ததையும் ஒன்றாகப் பரப்பி வைத்து, சுற்றி நின்று பேசுவார்கள். நாஜிகளின் நெருக்கடியில் 1933இல் பௌஹவுஸ் மூடப்பட்டது. ஆல்பர்ஸ் அதே வருடம் அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போய் அங்கே கற்பித்தார். இன்று உலகெங்கும் டிசைன் கல்லூரிகளில் முதல் வருடம் நடக்கும் ஃபவுண்டேஷன் வகுப்புகள் பலவற்றுக்கு வேர் இதுதான்.

அந்தப் பரப்பி வைக்கும் கட்டத்தை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எல்லாருக்கும் ஒரே காகிதம்தான், ஆனால் ஆளுக்கொரு விடை. பள்ளியில் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்த்தால் அது காப்பி. ஸ்டூடியோவில், அதாவது எல்லாரும் சேர்ந்து வேலை செய்யும் அந்த வகுப்பறையில், பக்கத்து மேஜையைப் பார்ப்பதுதான் படிப்பு. விடைத்தாளே இல்லாத கேள்விக்கு, மற்றவர்கள் எங்கெங்கே தடுமாறினார்கள் என்று தெரிவதைவிடப் பெரிய பாடம் கிடையாது. அட்டைக்கு முன்னால் முதல் ரேங்க் எடுத்தவரும் தடுமாறுவார், நன்றாகப் படம் வரைபவரும் தடுமாறுவார். அந்தத் தடுமாற்றத்தில்தான் முன்பின் தெரியாத பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கட்டரும் பசையும் கொடுத்து நெருக்கமாகிறார்கள்.

எல்லாவற்றிலும் முதலாக வந்த பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் வலிக்கும். உங்கள் மகளும் அந்த வகை என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கும் அறையில் தனியாக உட்கார்ந்து, முழுதாக முடித்து, ஒரு குறையும் இல்லாமல் கொண்டுபோய் வைக்கப் பார்ப்பார்கள். அதை அவள் விட வேண்டும். வேலையை ஸ்டூடியோவிலேயே செய்யச் சொல்லுங்கள். பாதியில் நிற்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, "இந்த இடத்தில் நிற்க மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?" என்று கேட்கட்டும். கிரிட் நாளில், அதாவது செய்ததை எல்லார் முன்னாலும் வைத்து நிறைகுறை பேசும் நாளில், ஒரு தோழியிடம் நோட்டைக் கொடுத்து, சொல்வதையெல்லாம் குறித்துவைக்கச் சொல்லட்டும். நிற்கும் பதற்றத்தில் காதில் பாதிதான் விழும், அதிலும் மனதில் நிற்பது திட்டு மட்டும்தான். மறுநாள் அந்தக் குறிப்பைப் படித்தால் பெரும்பாலும் மாடலைப் பற்றித்தான் இருக்கும், அவளைப் பற்றி இருக்காது. தோழியின் முறை வரும்போது இவள் எழுதட்டும்.

குழு வேலையில் சண்டை வரும், ஒருவர் கைவிடுவார், இன்னொருவர் எல்லாவற்றையும் தானே செய்வார். யார் எதைச் செய்வது என்று முதல் நாளே எழுதிவைத்துக்கொண்டால் பாதித் தலைவலி குறையும். ஸ்கெட்ச், உடைந்த மாடல், தவறிய முயற்சி எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைக்கட்டும். வேலைக்கான நேர்காணலில் போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பை, புரட்டிக்கொண்டே, "இந்தக் குழுவில் நீங்கள் செய்தது என்ன? இந்த வடிவத்தை ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்பது சாதாரணம். டிசைன் அலுவலகங்களிலும் முடியாத வேலையைச் சுவரில் ஒட்டிவைத்து நாலு பேர் பேசுவது அன்றாட வழக்கம். அது பழகாதவர் எவ்வளவு திறமைசாலியானாலும் ஆரம்பத்தில் திணறுவார்.

ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எல்லா ஸ்டூடியோவும் நல்ல ஸ்டூடியோ இல்லை. மாடலைக் கிழித்துப் போடுவது, ஆளைக் கேலி செய்வது, தூங்காமல் இருப்பதைப் பெருமையாகப் பேசுவது, ஒரே ஒரு நட்சத்திர மாணவரைக் காட்டி மற்றவர்களை மட்டம் தட்டுவது, இவையெல்லாம் பயிற்சி ஆகாது. அப்படி நடந்தால் பொறுத்துப் போகச் சொல்லாதீர்கள், துறைத்தலைவரிடம் போய்ப் பேசுங்கள். கிரிட்டில் ஆசிரியர் மட்டும் பேசுகிறாரா, மாணவர்களும் பேசுகிறார்களா என்று மகளிடம் விசாரியுங்கள். அவளுக்கென்று ஒரு மேஜை இருக்கிறதா, வகுப்பு முடிந்த பிறகும் அறை திறந்திருக்கிறதா, சீனியர்கள் வந்து பார்க்கிறார்களா என்பதையும் கேளுங்கள்.

அடுத்த முறை அவள் போன் செய்யும்போது மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள். பக்கத்து மேஜையில் இருக்கும் பிள்ளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேளுங்கள். அவள் விடாமல் பத்து நிமிடம் சொன்னால் அந்த வகுப்பு வேலை செய்கிறது. "தெரியலம்மா" என்று சொன்னால் எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது நான் அவளிடம் நேராகப் பேசுகிறேன்.