சளி பிடித்த நாட்களில் எந்தத் தேநீர்?

கேள்வி: எனக்கு வயது 58. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறேன். நான்கு நாட்களாகச் சளி. தொண்டை கரகரக்கிறது, இரவில் வறட்டு இருமல். மதுரை கீழமாசி வீதியில் சுக்கு, அதிமதுரம், சித்தரத்தை எல்லாம் சேர்ந்த பொடி வாங்கினேன். அதைக் குடிக்கலாமா, வழக்கமான பால் டீயே போதுமா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அதிமதுரம் தொண்டைக்கு இதமான சரக்குதான் என்றாலும், அதிலுள்ள கிளைசிரைசின் என்ற வேதிப்பொருள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அழுத்த மாத்திரை எடுப்பவர் அதை நாள்தோறும் குடிப்பது நல்லதல்ல. நாட்டு மருந்து என்றாலே தீங்கில்லை என்ற எண்ணம் நம் பக்கத்தில் சற்று அதிகம்.

எந்தத் தேநீரும் சளிக்கிருமியை விரட்டுவதில்லை. நமக்கு வேண்டியது இதம். அதில் பெரும்பங்கு சூட்டினுடையது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 2008இல் சளி பிடித்த 30 பேருக்கு ஒரே பழச்சாற்றைச் சூடாகவும் சாதாரணமாகவும் கொடுத்துப் பார்த்தபோது, தொண்டை வலி, குளிர் நடுக்கம், அசதி ஆகியவை சூடாகக் குடித்தவர்களுக்கே தணிந்தன. ஆனால் மூக்கின் காற்றோட்டத்தைக் கருவியால் அளந்தபோது அதில் மாற்றமில்லை.

ஆகவே பகலில் உங்களுக்குச் சுக்கு மல்லிக் காபியே ஏற்றது. 'சுக்குக்குப் புறநஞ்சு' என்று பெரியவர்கள் சொல்வதற்கேற்ப மேல்தோலைச் சீவிவிட்டு, ஒரு பங்கு சுக்குக்கு நான்கு பங்கு வறுத்த மல்லி சேர்த்துப் பொடித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பொடியும் தட்டிய மிளகு நான்கும் இட்டு, ஒரு டம்ளராக வற்றும்வரை கொதிக்கவைத்து வடிகட்டினால் போதும். இஞ்சி காயும்போது அதிலுள்ள ஜிஞ்சரால் என்ற காரப்பொருள், அதைவிடக் காரமான ஷோகாலாக மாறிக் காரம் கூடுவதால், பொடியைக் கூட்டினால் நெஞ்செரிச்சல்தான் மிஞ்சும். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவராயின் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பால் டீ காலையில் ஒன்று குடிப்பதில் தவறில்லை. மாலைக்குப் பின் அதிலுள்ள கஃபீன் தூக்கத்தைக் கெடுக்கும்; சளிக்காரருக்குத் தூக்கம் மிகவும் தேவை. இரவில் துளசி இலை ஏழெட்டைக் கொதிக்கவைத்து இறக்கி, வெதுவெதுப்பானதும் ஒரு தேக்கரண்டி தேன் கலந்து படுக்கும் முன் குடியுங்கள். உங்கள் வறட்டு இருமலுக்கு அந்தத் தேன்தான் முக்கியம். (வீட்டில் ஒரு வயது நிரம்பாத குழந்தை இருந்தால் அதற்குத் தேனைக் கொடுக்கவே கூடாது.) சர்க்கரை நோயும் இருந்தால், தேனும் சரி, கருப்பட்டியும் சரி, சர்க்கரைக் கணக்கில்தான் சேரும்.

மாலையில் தெருவில் விற்கும் பருத்திப்பால் குடிக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த அது தொண்டைக்கு இதம்தான். ஆனால் அதைத் தேநீராகக் கருதாமல், சோறு இறங்காத வேளைக்கு ஆகாரமாகக் கொள்வதே பொருத்தம்.

எதையும் கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். 65 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூடு உணவுக்குழாய்க்கு ஆகாது. மூன்று நாட்களுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, பத்து நாளாகியும் சளி குறையாவிட்டாலோ மருத்துவரிடம் செல்லுங்கள். கடையில் சளி மாத்திரை வாங்க நேர்ந்தால், அவற்றுள் சில அழுத்தத்தை ஏற்றும் என்பதால், உங்களுக்கு இரத்த அழுத்தம் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.