தக்காளியை நிறுத்தினால் அப்பாவின் மூச்சு சீராகுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் (மோட்டார் நியூரான்கள்) சாகும் ஏ.எல்.எஸ். நோய்க்கு ரிலுசோல் சாப்பிடுகிறார். நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற பொருளை அது குறைக்கும் என்றதால், குளூட்டமேட் உள்ள அஜினோமோட்டோ, தக்காளி இரண்டையும் நிறுத்திவிட்டோம். இப்போது மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார். குளூட்டமேட்டுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு?

பதில்: தக்காளியைத் தாராளமாகக் கொடுங்கள். சாப்பாட்டில் வரும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே செலவழித்துவிடும். மிச்சமும் மூளைக்குள் எளிதில் நுழையாது. இந்த நோயில் எடை குறைவதுதான் ஆபத்து, அதனால் பிடித்ததைச் சாப்பிடட்டும்.

மூச்சின் தாளம் மூளைத்தண்டில் ப்ரீ-பாட்சிங்கர் என்ற சின்னஞ்சிறு பகுதியில் பிறக்கிறது. 1991இல்தான் இது தெரியவந்தது. அங்கிருந்து கிளம்பும் உத்தரவு, கழுத்துத் தண்டுவடத்தில் உதரவிதானத்தை (நுரையீரலுக்குக் கீழே இருந்து மூச்சை இழுக்கும் தசையை) இயக்கும் மோட்டார் நியூரான்களுக்கு வந்து சேர்கிறது. அதை அவற்றிடம் சேர்ப்பது குளூட்டமேட். நியூரானின் மேல் அதைப் பிடிக்கும் புரதங்களான ஏற்பிகளில் பல வகை உண்டு. ஆம்பா ஏற்பிகள் அதைப் பிடித்த கணமே நியூரானைத் தூண்டிவிடும், என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் அந்தத் தூண்டலைச் சற்று நீட்டிக்கும். மெட்டபோட்ராபிக் ஏற்பிகள் ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு மாதிரி: அதே உத்தரவுக்கு நியூரான் பலமாகப் பதில் சொல்வதா, மெதுவாகவா என்பதை மாற்றும். ஆக, குளூட்டமேட் இல்லாமல் மூச்சே இல்லை. அது அளவுக்கு மீறித் தேங்கினால் நியூரானுக்குள் கால்சியம் புகுந்து அதைச் சிதைக்கும். ஏ.எல்.எஸ்.ஸில் நியூரான்கள் சாக இதுவும் ஒரு காரணம். ரிலுசோல் அந்தத் தேக்கத்தைக் கொஞ்சம் குறைத்து, சராசரியாகச் சில மாதங்கள் கூட்டித் தருகிறது. மாத்திரையை விடாதீர்கள், ஈரல் பரிசோதனையும் தவறக்கூடாது. ஆனால் இழந்த நியூரான்களை அது திரும்பத் தராது.

எனக்குக் கவலை தருவது அந்த மூச்சுமுட்டல்தான். உதரவிதானம் தளர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். அவர் படுத்திருக்கும்போது வயிற்றைக் கவனியுங்கள். மூச்சை இழுக்கையில் வயிறு மேலெழ வேண்டும். உள்ளே போனால் தளர்ச்சிதான். காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுவது உண்டா என்றும் கேளுங்கள். இரவில் கரியமில வாயு தேங்கினால் அப்படி வரும்.

அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்தும் படுத்தும் ஊதவைத்து நுரையீரல் திறனை அளப்பார்கள். தேவைப்பட்டால் இரவில் மாஸ்க் வைத்து, காற்றைத் தள்ளி மூச்சுக்கு உதவும் பைபேப் கருவி போடுவார்கள். பலருக்கு இது தூக்கத்தையும் ஆயுளையும் கூட்டியிருக்கிறது, தயங்காதீர்கள். அதற்குள் நீங்களாக ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்க வேண்டாம், கரியமில வாயு இன்னும் ஏறிவிடலாம். தூக்க மாத்திரையும் கூடாது. தலைமாட்டை உயர்த்திப் படுக்க வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறி மயக்கமாக இருந்தாலோ, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.